பத்து இராகங்களும் ஒரு துண்டுத் தாளும்

சென்ற ஆண்டுக் கோடையில், தில்லியில் வெயில் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, யமுனைக்கு அப்பால் உள்ள ஓர் அடுக்ககத்துக்கு நாம் போயிருந்தோம். அங்கு நாற்பது ஆண்டுகளாகக் குடியிருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தது. பெரியவர் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. அம்மையார் புனேயில் உள்ள மகள் வீட்டுக்குப் போவதென முடிவாகிவிட்டது. மகள் வீட்டில் அவருக்கென ஓர் அறையும் அந்த அறையில் ஓர் அலமாரியும் உண்டு. அந்த அலமாரியில் கொள்ளாதவை அனைத்தும் வேறு இடம் தேடியாக வேண்டும்.

நேயர்களே, வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் இந்தக் காட்சி புதிதன்று. ஊரிலாயின் பழம்பொருளுக்குப் பரண் உண்டு. பரண் நிறைந்தால் பெரியப்பா வீடு உண்டு. இங்கோ ஒரு தலைமுறை சேர்த்ததை அடுத்த தலைமுறை ஒரு வாரத்தில் பிரித்துக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

பெரியவர் மத்திய அரசு அலுவலகமொன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் கரோல் பாகில் வாடகை வீடு. பிறகு கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக இந்த அடுக்ககம். கர்நாடக இசையில் அவருக்கிருந்த பற்று அக்கம்பக்கம் முழுவதும் அறிந்தது. கச்சேரிக்குப் போனால் முதல் வரிசையில் உட்காரமாட்டார். நான்காவது வரிசையின் ஓரம்தான் அவருக்கு இடம். பாடகர் எடுத்த எடுப்பிலேயே இராகத்தை இன்னதெனச் சொல்லிவிடுவார்; ஆயினும் பிறர் கேட்டாலன்றி வாய் திறக்கமாட்டார். அவரிடம் இருந்த இசைத்தட்டுகள் முந்நூற்றுக்குக் குறையாது. அவற்றைப் பார்த்துப் பட்டியல் எழுதித் தருமாறு அம்மையார் நம்மைக் கேட்டிருந்தார். மொழிபெயர்ப்பாளனுக்குப் பட்டியல் எழுதுவது கைவந்த தொழில் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அது ஓரளவு உண்மையுந்தான்.

நாம் போய்ச் சேர்ந்தபோது ஒரு செய்தி காத்திருந்தது. முந்தின நாள் மாலை, வீட்டில் வேலை செய்ய வந்த ஆட்கள் பழைய நாளிதழ்க் கட்டுகளோடு இசைத்தட்டுப் பெட்டி ஒன்றையும் சேர்த்துக் கபாடிக்காரருக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அப்பெட்டியில் என்னென்ன இருந்தன என்று அம்மையாருக்குத் தெரியவில்லை. கபாடிக்காரரைத் தேடி மகளின் கணவர் இருமுறை அலைந்து பார்த்தார். பொருள் அதற்குள் கைமாறிப் போயிருந்தது. எடைக்குக் கிடைத்த பணம் மேசைமேல் ஒரு கண்ணாடித் தம்ளரின் கீழ் அப்படியே இருந்தது. அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

எஞ்சிய பெட்டிகளை நாம் பிரிக்கத் தொடங்கினோம். அம்மையார் சொன்ன வழி எளிமையானது. 'நம்ம பாட்டு' ஒரு பக்கம். மற்றவை மறு பக்கம். திருமதி எம்.எஸ். சுப்புலட்சுமி, ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்களின் நாகசுரம் என ஒரு பக்கம் வளர்ந்தது. மறுபக்கம் இந்தித் திரைப்படத் தட்டுகளும், யாரோ பரிசாகக் கொடுத்த மேனாட்டு இசைத் தட்டுகள் சிலவும் சேர்ந்தன. அந்த மறுபக்கத்தில் நாம் சற்றும் தயங்காமல், ஒருவகை இளக்காரத்தோடு, எடுத்துப் போட்ட தட்டு ஒன்று உண்டு. அதன் தலைப்பு 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள்! இராகத்தையும் டிஸ்கோவையும் ஒரே வரியில் கண்டதுமே நம் கை தானாக இடப்பக்கம் போயிற்று. அதைச் செய்தவர் பெயர் சரண்ஜித் சிங் என்றிருந்தது. அப்பெயரை நாம் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

அம்மையார் அடுக்களை வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அந்தப் பக்கம் இல்லை, தம்பி" என்றார்.

"இது டிஸ்கோ, அம்மா. திரைப்படப் பாட்டோடுதானே சேரும்?"

"என்னமோ எனக்குத் தெரியாது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அவர் அதைத்தான் மெதுவாக வைத்துக் கேட்பார். கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்."

நாம் தட்டை மறுபடி எடுத்தோம். உறைக்குள்ளிருந்து தட்டை உருவியபோது அதனுடன் ஒரு துண்டுத் தாளும் வெளியே வந்தது. அலுவலகத்துக் கோடிட்ட தாளை நான்காகக் கிழித்ததில் ஒரு பகுதி. பெரியவரின் கையெழுத்து, பென்சில். இடப்பக்கம் இந்துஸ்தானி இராகங்களின் பெயர். வலப்பக்கம் நம் பெயர். பூபாளி — மோகனம். யமன் — கல்யாணி. மால்கௌன்ஸ் — இந்தோளம். கலாவதி — வலஜி. பைராகி — ரேவதி. மதுவந்தி என்பதற்கு எதிரே 'தர்மவதி, அநேகமாக' என்றிருந்தது. தோடிக்கு எதிரே 'சுபபந்துவராளி' என்று எழுதி, அதன்கீழ் இருமுறை கோடு இழுத்திருந்தார். லலித் என்பதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

நேயர்கள் நம்மை மன்னிக்க வேண்டும். அந்தத் தாளைக் கண்டதும் நம் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. மொழிபெயர்ப்பில் எம்போன்றோரை ஓயாது ஏமாற்றுவது, தெரியாத சொல்லைவிடத் தெரிந்தாற்போல் தோன்றும் சொல்லே. தமிழில் 'அவகாசம்' என்றால் கால இடைவெளி. இந்தியில் அதே சொல் விடுமுறையைக் குறிக்கும். இராகங்களிலும் இவ்வகை மயக்கம் மலிந்து கிடக்கிறது. இந்துஸ்தானித் தோடி நம் தோடி அன்று. சுரங்களைப் பார்த்தால் அது நம் சுபபந்துவராளி. நம் தோடியின் சுரங்களோ வடக்கே பைரவி என்னும் பெயரில் உலவுகின்றன. பூபாளி என்றதும் நம் மனம் விடியற்காலத்துப் பூபாளத்துக்குத் தாவும்; ஆனால் அது மோகனம். பெரியவர் இந்தப் பள்ளங்களில் ஒன்றிலும் விழவில்லை. தோடிக்குக் கீழே அவர் இழுத்த இரண்டு கோடுகள், தாம் ஒருமுறை விழுந்து எழுந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

லலித் விஷயத்தில் அவர் இட்ட கேள்விக்குறியும் சரியே. நம்மிடம் லலிதா என்றொரு இராகம் உண்டு. அதிலும் பஞ்சமம் இல்லை. லலித்திலும் பஞ்சமம் இல்லை. ஆனால் லலித்தில் சுத்த மத்தியமமும் பிரதி மத்தியமமும் அடுத்தடுத்து நின்று ஒலிக்கும். அந்த இராகத்தின் உயிரே அவ்விரண்டும் உராயும் இடத்தில் இருக்கிறது. நம் லலிதாவில் சுத்த மத்தியமம் ஒன்றுதான். பெயரை நம்பி 'லலிதா' என்று எழுதிவிடுவது எளிது. அவர் எழுதவில்லை. நம் அலுவலகக் கோப்புகளில் இத்தகைய கேள்விக்குறி ஒன்றை விட்டுவைக்க நமக்கு ஒருநாளும் துணிவு வந்ததில்லை.

அந்தத் தட்டை அன்றைக்கே கேட்டுவிட வேண்டும் என்னும் ஆவல் உண்டாயிற்று. ஆனால் பெரியவரின் ரெக்கார்டு பிளேயர் ஓடவில்லை. தட்டைச் சுழற்றும் ரப்பர் பட்டை தளர்ந்து போயிருந்தது. அதைச் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத்ராய் மார்க்கெட்டுக்கு எடுத்துச் சென்று, ஒரு வயோதிக மெக்கானிக்கிடம் கொடுத்து, மூன்று நாள் பொறுத்திருந்தோம். அவர் பட்டை மாற்றியதோடு ஊசியையும் பார்த்து, இன்னும் நூறு தட்டுக்குத் தாங்கும் என்று உறுதி கூறினார்.

மூன்றாம் நாள் இரவு, நம் வீட்டில், எல்லோரும் படுத்த பிறகு, பெரியவர் கேட்ட வண்ணமே ஒலியைக் குறைத்து வைத்து அந்தத் தட்டைக் கேட்டோம்.

கேட்டதை எப்படிச் சொல்வது? முதலில் ஓர் இயந்திரத் தாளம். மனிதக் கை தட்டாத தாளம். களைப்பும் தயக்கமும் இல்லாமல் ஒரே சீராகப் போவது. அதன்கீழ் அடிச்சுருதியில் குமிழியிட்டு ஓடும் ஒரு கனத்த ஒலி. அது ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிச் செல்கிறது. அதன்மேல் இராகம் விரிகிறது. பூபாளி வந்தபோது அது மோகனம் என்று நம் காதுக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கோ வேற்றுக் கோளில் இருந்து வந்த விருந்தாளி நம் வீட்டு வாயிலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதுபோல் இருந்தது.

மறுநாள் நம் அலுவலகத்தில் உள்ள இளைஞர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் எப்போதும் காதில் ஏதேனும் ஒன்றை மாட்டிக்கொண்டே கோப்பு பார்ப்பவர். தட்டின் பெயரைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "சார், உண்மையான பழைய பதிப்பா? இந்தியாவில் அச்சானதா? இதை உலகம் முழுவதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னதையும் பின்னர் நாம் படித்தறிந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்கிறோம்.

சரண்ஜித் சிங் 1940-ஆம் ஆண்டில் பிறந்தவர். பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாத்தியம் வாசித்தவர். ஆர்.டி. பர்மன் முதலிய இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளில் அவர் பங்குபெற்றார். திரைப்படப் பாட்டில் பாடுபவரின் பெயரும் இசையமைத்தவரின் பெயரும் எழுதியவரின் பெயரும் தெரியும். வாத்தியம் வாசித்தவர் பெயர் தெரியாது. எத்தனையோ பாடல்களில் நாம் கேட்டு மகிழ்ந்த கிதார் ஒலி யாருடையது என்று எவரும் கேட்டதில்லை. மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இந்த வரிசையில் ஓர் இடம் உண்டு என்று இடையில் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறோம். அதற்குமேல் சொன்னால் முறையீடு ஆகிவிடும்.

புதுப் புது மின்னணு வாத்தியங்களில் அவருக்குப் பெரும் நாட்டம் இருந்தது. ஜப்பானில் ஒசாகா நகரில் 1972-இல் தொடங்கப்பட்ட ரோலண்ட் நிறுவனத்தின் கருவிகள் மூன்று அவர் கைக்கு வந்தன. ஒன்று, ஜூபிடர் 8 என்னும் விசைப்பலகை வாத்தியம். இரண்டாவது, டி.ஆர். 808 என்னும் தாள இயந்திரம். மூன்றாவது, டி.பி. 303 என்னும் சிறு வெள்ளிநிறப் பெட்டி. இந்த மூன்றாவதைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

தனியாகக் கிதார் வாசிப்பவர்களுக்குக் கீழ்ச்சுருதியில் துணை வாசிப்பதற்கென்றே டி.பி. 303 செய்யப்பட்டது. பக்கத்தில் பேஸ் கிதார்க்காரர் இல்லாத குறையை அது போக்க வேண்டும் என்பது தயாரித்தவர்களின் கருத்து. அதில் பதினாறு படிகளில் சுரங்களைப் பதித்து வைக்கலாம். எந்தச் சுரம் அழுத்தமாக ஒலிக்க வேண்டும், எந்தச் சுரம் அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதையும் குறித்து வைக்கலாம். திருகுகள் சில உண்டு. அவற்றைத் திருகினால் ஒலியின் மேற்பகுதி அடைபடும், அல்லது கூர்மையாகி விசிலடிப்பதுபோல் எழும். ஆனால் சுரங்களைப் பதிக்கும் முறை குழப்பமாக இருந்தது. ஒலியோ உண்மையான கிதாரைப் போல் சிறிதும் இல்லை. 1981-இல் விற்பனைக்கு வந்த கருவி 1984-க்குள் நின்றுபோயிற்று. கிதார் வாசிப்பவர்கள் அதைச் சீந்தவில்லை.

கிதாருக்கு ஒவ்வாத அந்தக் குணமே இராகத்துக்கு ஒத்துப்போயிற்று. நம் இசையில் சுரம் என்பது ஒரு புள்ளி அன்று. ஒரு சுரத்துக்கும் மற்றொரு சுரத்துக்கும் இடையிலுள்ள வழியும் இசைதான். ஆர்மோனியத்தில் அந்த வழி கிடையாது என்பதனால்தான் அதன்மீது பழைய வித்துவான்களுக்கு மனக்குறை. ஓர் இயந்திரம் வழுக்கிச் செல்லக் கற்றிருக்கிறது என்பதைச் சரண்ஜித் சிங் கண்டுகொண்டார். அது முழுமையான கமகம் ஆகாது. மால்கௌன்ஸில் வேண்டிய ஆழம் அதில் இல்லை என்று நமக்கே தோன்றிற்று. எனினும் கமகத்தின் நிழலையாவது ஓர் இயந்திரத்தில் பிடித்துக்காட்டியவர் அவர்.

அது 1982-ஆம் ஆண்டு. தில்லியில் ஆசிய விளையாட்டு விழா நடந்த ஆண்டு. தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறிய ஆண்டு. இந்தித் திரைப்படங்களில் டிஸ்கோ மோகம் தலைவிரித்தாடிய காலம். எல்லோரும் டிஸ்கோ செய்கிறார்களே, நாம் தபேலாவை விலக்கிவிட்டு அந்தத் தாளத்தில் இராகம் வாசித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியதாகப் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பாட்டு இல்லை, வேறு வாத்தியக்காரர் இல்லை. தாமே எல்லாவற்றையும் வாசித்தார். எச்.எம்.வி. முத்திரையோடு தட்டு வெளிவந்தது. வாங்குவார் மிகச் சிலரே. இராகம் வேண்டியவர்கள் டிஸ்கோவைக் கண்டு ஒதுங்கினார்கள். டிஸ்கோ வேண்டியவர்கள் இராகத்தைக் கண்டு ஒதுங்கினார்கள். நாம் அந்தத் தட்டை இடப்பக்கம் எறிந்தோமே, அதே காரியத்தை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நாடு முழுவதும் செய்திருக்கிறது.

இனிக் கதை அமெரிக்காவுக்குப் போகிறது. விலை போகாத டி.பி. 303 பெட்டிகள் பழம்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. சிகாகோ நகரத்தில் கறுப்பின இளைஞர் மூவர், ஃபியூச்சர் என்னும் பெயரில் கூடியவர்கள், அத்தகைய ஒரு பெட்டியை வாங்கி, அதன் திருகுகளை மனம்போனபடி திருகிப் பார்த்தார்கள். 1987-இல் அவர்கள் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் தட்டிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்றொரு புதிய இசைவகை பிறந்தது. அருகே டெட்ராய்ட் நகரத்தில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் டெக்னோவை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இவை கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போய் இரவு நடனக் கூடங்களை ஆட்கொண்டன. நடனக் கூடத்திலிருந்து வீடு திரும்பியவர்கள் அமைதியாக உட்கார்ந்து கேட்பதற்கும் அதே கருவிகளில் ஓர் இசை வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தின் வார்ப் நிறுவனம் 1992-இல் 'ஆர்ட்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்றொரு தொகுப்பை வெளியிட்டது. அதன் உறையில் ஓர் இயந்திர மனிதன் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு இசைத்தட்டு கேட்பதாகப் படம். இவ்வகையைத்தான் ஆம்பியன்ட் டெக்னோ என்கிறார்கள். ஆடுவதற்கு அன்று, சூழ்ந்திருப்பதற்கு. தமிழில் 'சூழிசை' என்று நாம் சொல்லிப் பார்த்தோம். இளைஞருக்கு அது பிடிக்கவில்லை. ஏதோ போர்த்தந்திரம்போல் இருக்கிறதாம்.

சரண்ஜித் சிங்கின் தட்டைச் சரியாக எந்த வகையில் சேர்ப்பது என்பதில் இரசிகர்களிடையே வழக்கு உண்டு. கேட்பதற்கு அது ஆசிட் ஹவுஸ் போலவே இருக்கிறது; ஆனால் அந்த இசைவகை பிறப்பதற்கு ஐந்தாண்டு முன்னதாகச் செய்யப்பட்டது. அவரே அந்த இசைவகையைத் தோற்றுவித்தவர் என்று மேனாட்டுப் பத்திரிகைகள் சில எழுதின. நமக்கு அதில் உடன்பாடில்லை. சிகாகோ இளைஞர்கள் இவரைக் கேட்டதில்லை. இவரும் அவர்களைக் கேட்டதில்லை. ஒரே கருவி இருவேறு ஊர்களில் இருவேறு தாகத்துக்கு ஒரே தண்ணீரைக் கொடுத்தது என்று கொள்வதே நேர்மை. சிகாகோக்காரர்களின் பெருமையைப் பறித்து நாம் சூடிக்கொள்ள வேண்டியதில்லை.

அந்தத் தட்டு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது நம் தில்லியில்தான். எடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் பழைய இந்தியத் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர். 2002-இல் தில்லிக் கடையொன்றில் இதைக் கண்டெடுத்துக் கேட்டுத் திகைத்துப் போனார். பிறகு பம்பாய் சென்று சரண்ஜித் சிங்கையே தேடிக் கண்டுபிடித்தார். 2010-இல் தம் 'பம்பாய் கனெக்‌ஷன்' என்னும் பெயரில் தட்டை மறுபடி வெளியிட்டார். கேட்டவர்களில் சிலர் நம்ப மறுத்தார்கள். இது 1982-இல் செய்யப்பட்டதாக இருக்க முடியாது. இக்காலத்து ஆங்கில இசைஞர் யாரோ ஒருவர் இந்தியப் பெயரில் ஒளிந்துகொண்டு விளையாடுகிறார் என்றுகூடச் சொன்னார்கள். மனிதர் உயிரோடு, பம்பாயில், தம் வீட்டில் இருந்தார்! எழுபது வயதுக்குப் பின் ஐரோப்பாவில் மேடையேறி, அவர் பேரப்பிள்ளை வயதுடைய கூட்டத்தின்முன் அதே இராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மறைந்தார்.

இவ்வாறு பெட்டிகளில் உறங்கிய இசை இது ஒன்றுதான் என்றில்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் மின்னிசைக் கருவியை நிறுவிக் கொடுத்தார். அங்கு கீதா சாராபாய் முதலிய இந்தியர் சிலர் அதில் ஒலிச் சோதனைகள் செய்து நாடாக்களில் பதிந்தார்கள். அந்த நாடாக்கள் அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அப்படியே கிடந்தன. பால் பர்காஸ் என்பவர் 2017-இல் அவற்றைக் கண்டெடுத்தார். 2023-இல் அவை தட்டாக வந்தன. அங்கே காப்பகம் என்று ஒன்றாவது இருந்தது. யமுனைக்கு அப்பால் உள்ள அடுக்ககங்களில் காப்பகம் ஏது?

இதையெல்லாம் அறிந்தபின் நமக்கு ஒரு தர்மசங்கடம் நேர்ந்தது. பழைய பதிப்பு என்றால் சேகரிப்போர் பெருந்தொகை கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று இளைஞர் சொல்லியிருந்தார். அதை மறைப்பது முறையன்று. அடுத்த ஞாயிறன்று தட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். மகளின் கணவர் உடனே தம் கைபேசியில் விலை பார்த்தார். பார்த்துவிட்டுச் சீழ்க்கை அடித்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி எவரும் கேட்கக்கூடியதே:

"அந்தப் பெட்டியில் இதுபோல் இன்னும் ஏதாவது போயிருக்குமோ?"

யாரும் பதில் சொல்லவில்லை. கண்ணாடித் தம்ளரின் கீழ் அந்தப் பணம் இன்னும் இருந்தது.

அம்மையாருக்கு விலையைவிட வேறொரு செய்திதான் முக்கியமாகப் பட்டது. "அது அப்படி என்னதான் பாட்டு? போட்டுக் காட்டுங்கள், தம்பி" என்றார். ரெக்கார்டு பிளேயரைத் தரையில் வைத்தோம். நாற்காலிகள் அதற்குள் போய்விட்டிருந்தன. எல்லோரும் கட்டி வைத்த மூட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டோம். வெற்றுச் சுவர்களில் அந்த இயந்திரத் தாளம் மோதி எதிரொலித்தது. அம்மையார் முகத்தில் முதலில் ஒரு சுளிப்பு, பிறகு சிரிப்பு.

"இதற்கா கதவைச் சாத்திக்கொண்டார்!" என்றார். சிறிது நேரம் கழித்து, "சாத்திக்கொள்ள வேண்டியதுதான். வெளியே தெரிந்தால் சபாக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்?" என்று தாமே சேர்த்துக்கொண்டார்.

யமன் வந்தபோது அவர் கை தொடையில் தாளம் போட்டது. "கல்யாணி மாதிரி இருக்கிறதே" என்றார். நாம் துண்டுத் தாளை எடுத்துக் காட்டினோம். அவர் அதுவரை அதைப் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தார். கேள்விக்குறி இருந்த இடத்தில் விரல் நின்றது.

"இது என்ன, தெரியவில்லையா அவருக்கு?"

"அதற்கு நம்மிடம் சரியான இராகம் இல்லை, அம்மா. இல்லை என்று தெரிந்துதான் விட்டிருக்கிறார்."

"ஒன்று தெரியவில்லை என்றால் அவருக்குத் தூக்கமே வராது. ஒருவேளை அதற்காகத்தான் தினமும் கேட்டாரோ என்னவோ."

தட்டை விற்பதா, வேண்டாமா என்று மருமகனும் மகளும் தொலைபேசியில் நெடுநேரம் பேசினார்கள். முடிவை அம்மையார் சொன்னார். புனேயில் ரெக்கார்டு பிளேயர் இல்லை. அலமாரியில் இடமும் இல்லை. விற்றால் யாரோ ஒருவர் வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பார், கேட்கமாட்டார். ஆகவே தட்டும் ரெக்கார்டு பிளேயரும் நம் வீட்டில் இருக்கட்டும். தில்லிக்கு வரும்போது தாம் வந்து கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். 'நம்ம பாட்டு'த் தட்டுகளில் இருபதை மட்டும் தம்மோடு எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தமிழ்ச் சங்கமோ பள்ளியோ கேட்டால் கொடுக்கும்படி பட்டியலோடு நம்மிடம் ஒப்படைத்தார்.

துண்டுத் தாளை மட்டும் அவர் தரவில்லை. அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். புறப்படுமுன் அதைப் படியெடுத்துக்கொள்ள நாம் அனுமதி கேட்டோம். கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளலாமே என்றார் மருமகன். நாம் பென்சில் வாங்கி, அதே அளவுத் தாளில், வரி வரியாக எழுதினோம். மதுவந்திக்கு எதிரே 'அநேகமாக' என்பதை எழுதினோம். தோடியின் கீழ் இரண்டு கோடு இழுத்தோம். லலித்துக்கு எதிரே கேள்விக்குறியை இட்டு, தாளைத் தட்டின் உறைக்குள் வைத்தோம்.